பழைய போர்டுக்கு எந்த பிராசஸர் செட் ஆகும்? அடிக்கடி வர்ற கேள்விகள்

நம்ம ஊர் ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர், ஆடிட்டர் ஆபீஸ்னு எங்க போனாலும் 2011, 2012 வாக்குல அசெம்பிள் பண்ண கம்ப்யூட்டர் இன்னும் ஓடிட்டுதான் இருக்கு, அதுல நிறைய எச்61 வகை மதர்போர்டு (போர்டுனு சொல்றது இதைத்தான்), ஐ3 இல்லனா பென்டியம் பிராசஸர். ஸ்லோவா இருக்குனு அதை அப்படியே எடைக்குப் போடுறவங்களைப் பார்த்தா எனக்கு மனசு கேக்காது, ஏன்னா அதே போர்டுல ஒரு செகண்ட் ஹேண்ட் ஐ5 போட்டா இன்னும் சில வருஷம் நிம்மதியா ஓடும். ஆனா தப்பான பிராசஸரை வாங்கிட்டு காசு போச்சேனு நிக்கிறவங்களும் அதே அளவு இருக்காங்க. அதனால என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை எல்லாம் இங்க எழுதி வச்சிருக்கேன். எச்61 பத்திதான் அதிகம் இருக்கும், மத்த போர்டு பத்தியும் வரும்.

சிபியு மாத்தணும்னு சொன்னா கடைக்காரர் புது கேபினெட் விலை சொல்றாரு. ஏன்?

நம்ம ஊர்ல அந்த மொத்தப் பொட்டியையே சிபியுனுதான் சொல்றோம், அதான் குழப்பம். உள்ள போர்டு மேல ஃபேனுக்கு அடியில இருக்குற சதுரமான சின்ன சிப்புதான் பிராசஸர். கடையில "பிராசஸர் மட்டும் வேணும், போர்டு இதுதான்"னு போர்டு பேரோட சொல்லுங்க, பேச்சு சீக்கிரம் முடியும்.

என் போர்டு என்னனு எப்படி கண்டுபிடிக்கிறது? பில்லு எல்லாம் இல்ல.

விண்டோஸ் ஓடுதுன்னா சிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போடுங்க. மெயின்போர்டுன்ற பக்கத்துல போர்டு மாடல், சிப்செட் (பிராசஸரை மத்த பாகங்களோட சேக்குற போர்டு சிப்பு, எச்61ன்றது அதோட பேர்தான்), பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடுற, போர்டுலயே இருக்குற சாஃப்ட்வேர்) வெர்ஷன், பயாஸ் தேதி நாலும் தெரியும், முதல் பக்கத்துல பேக்கேஜ்னு போட்டிருக்குற இடத்துல சாக்கெட், அதாவது பிராசஸர் உக்கார்ற இடத்தோட பேர் இருக்கும். அந்த ரெண்டு பக்கத்தையும் போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கடைக்குப் போறப்போ அதுதான் உங்களுக்கு பில்லு. லினக்ஸ்ல இருக்கறவங்க டிஎம்ஐடிகோட் கமாண்டை ரூட்டா ஓட்டினா அதே விவரம் வரும்.

கம்ப்யூட்டர் ஆனே ஆகலன்னா கேபினெட்டைத் திறந்து போர்டு மேலயே பாருங்க, ராம் ஸ்லாட் பக்கத்துலயோ கிராஃபிக்ஸ் ஸ்லாட்டுக்கு மேலயோ பெரிய எழுத்துல மாடல் அச்சடிச்சிருக்கும். ஓரத்துல ரெவ் 1.0, ரெவ் 2.1னு சின்னதா ஒண்ணு இருக்கும், அதையும் குறிச்சுக்கோங்க. சில கம்பெனி ஒரே பேர்ல ரெண்டு மூணு ரிவிஷன் விட்டிருக்கும், ஒவ்வொண்ணுக்கும் பயாஸும் வேற, ஏத்துக்குற பிராசஸரும் வேற.

சாக்கெட் ஒண்ணா இருந்தா போதும்ல? பிராசஸர் உள்ள உக்காந்தா ஓடும்ல?

போதாது. காசு போறது முக்காவாசி இந்த இடத்துலதான்.

சாக்கெட்ன்றது செருப்பு சைஸ் மாதிரி, கால் உள்ள போகும் அவ்ளோதான். அதுக்கு மேல சிப்செட் ஏத்துக்கணும், பயாஸுக்கு அந்த பிராசஸரை அடையாளம் தெரியணும், போர்டு அந்த வாட்ஸ் கரண்டைத் தாங்கணும். மூணுல ஒண்ணு இல்லனாலும் ஃபேன் சுத்தும், டிஸ்பிளே வராது.

இதுக்கு நல்ல உதாரணம் எல்ஜிஏ 1151. ஆறாவது ஜெனரேஷன், ஏழாவது ஜெனரேஷன் ரெண்டும் எச்110, பி150, பி250 மாதிரி 100, 200 சீரீஸ் போர்டுல ஓடும். எட்டாவது, ஒன்பதாவது ஜெனரேஷனும் அதே 1151தான், அதே மாதிரிதான் உக்காரும், ஆனா இன்டெல் உள்ள பின்னுக்கு கரண்ட் போற அமைப்பை மாத்திட்டாங்க, அதனால அதுக்கு எச்310, பி360 மாதிரி 300 சீரீஸ் போர்டுதான் வேணும். எச்110 போர்டு வச்சிக்கிட்டு ஐ5-8400 வாங்கிட்டு வந்தவங்களை நானே பார்த்திருக்கேன். எல்ஜிஏ 1200லயும் இப்படி ஒண்ணு இருக்கு, எச்410, பி460 போர்டு பத்தாவது ஜெனரேஷனோட நின்னுடும், பதினொண்ணாவது அதுல ஓடாது.

1155, 1156 வேற கதை. பேர்ல ஒரு நம்பர்தான் வித்தியாசம், ஆனா ஓரத்துல இருக்குற வெட்டு இடம் மாறி இருக்கும், ஒண்ணு இன்னொண்ணுல உக்காரவே உக்காராது. அமுக்கிப் பார்க்காதீங்க, போர்டு பின்னு வளைஞ்சிடும்.

அப்போ ஓடுமா ஓடாதான்னு உறுதியா எங்க பாக்குறது?

போர்டு தயாரிச்ச கம்பெனியோட சைட்டுல உங்க மாடல் பக்கத்துக்குப் போனா சப்போர்ட்ன்ற பகுதியில சிபியு சப்போர்ட் லிஸ்ட்னு ஒரு அட்டவணை இருக்கும். அதுல ஒவ்வொரு பிராசஸருக்கும் நேரா எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து ஓடும்னு போட்டிருப்பாங்க. பல பேர் பிராசஸர் பேரை மட்டும் பார்த்துட்டு அந்த பயாஸ் வெர்ஷன் கட்டத்தை விட்டுடுறாங்க, அதான் முக்கியமான கட்டம். உங்க பயாஸ் அதைவிடப் பழசுன்னா முதல்ல பயாஸ் அப்டேட், அப்புறம்தான் பிராசஸர்.

கடைக்காரர் சொல்றதையும் கேளுங்க, அனுபவசாலி நிறைய பேர் இருக்காங்க. ஆனா காசு குடுக்குறதுக்கு முன்னாடி அந்த லிஸ்ட்ட ஒரு தடவை கண்ணால பார்த்துடுங்க.

எங்கிட்ட எச்61, ஐ3-2100. இதுல அதிகபட்சம் என்ன போடலாம்?

எச்61 எல்ஜிஏ 1155 சாக்கெட். இன்டெல்லோட ரெண்டாவது ஜெனரேஷன், அதாவது 2011ல வந்த சாண்டி பிரிட்ஜும், மூணாவது ஜெனரேஷன், 2012ல வந்த ஐவி பிரிட்ஜும் இதுல ஓடும். நாலாவது ஜெனரேஷன் ஓடாது, அதுக்கு சாக்கெட்டே 1150.

என்னோட முதல் சிபாரிசு ஐ5-3470. நாலு கோர், 3.2 கிகாஹெர்ட்ஸ், 77 வாட்ஸ். உங்க ஐ3ல ரெண்டு கோர்தான், ஹைப்பர்த்ரெட்டிங் வச்சு நாலா காட்டும். நிஜமா நாலு கோர் வந்தா, பிரவுசர்ல பதினஞ்சு டேப் திறந்து வச்சுக்கிட்டு டேலியும் ஓட்டறப்போ வித்தியாசம் நல்லாவே தெரியும். வீடியோ எடிட்டிங், போட்டோஷாப் பண்றீங்கன்னா ஐ7-3770 பாக்கலாம், நாலு கோர் எட்டு த்ரெட், அதுவும் 77 வாட்ஸ்தான். ஐ7-2600 கிடைச்சா கெட்டது இல்ல, ஆனா 95 வாட்ஸ். எச்61 போர்டுல பிராசஸருக்கு கரண்ட் குடுக்குற பகுதி ரொம்ப சிக்கனமா பண்ணிருப்பாங்க, அதுக்கு மேல ஹீட்சிங்க் (சூட்டை இழுக்குற உலோகத் துண்டு) கூட நிறைய போர்டுல இருக்காது. 24 மணி நேரமும் ஓடப்போற கம்ப்யூட்டர்னா 95 வாட்ஸ் சிப்பை நான் போடமாட்டேன். 77 வாட்ஸே நல்லா ஓடும்.

கே போட்ட மாடலுக்கு கூடுதல் காசு குடுக்காதீங்க. அந்த மாடலோட பலனே ஓவர்கிளாக், அதாவது வேகத்தை நாமளே ஏத்திக்கிறது, அதை எச்61 விடாது.

ஐ5-3470, ஐ5-3470டி ரெண்டும் ஒண்ணுதானே? டி விலை கம்மியா இருக்கு.

இல்லவே இல்ல! டி போட்டது 35 வாட்ஸ் மாடல், அதுல கோர் ரெண்டுதான். பேர்ல ஐ5 இருந்தாலும் உள்ள பார்த்தா உங்க ஐ3 மாதிரிதான், ஐ3ல இருந்து அதுக்குப் போனா மாத்தின மாதிரியே இருக்காது. எஸ் போட்டது 65 வாட்ஸ், நாலு கோர் இருக்கும், ஸ்பீடு கொஞ்சம் கம்மி, தாராளமா வாங்கலாம். பி போட்டதுல, உதாரணமா ஐ5-3350பி, உள்ள கிராஃபிக்ஸ் கிடையாது, தனியா கிராஃபிக்ஸ் கார்டு இல்லனா மானிட்டர்ல எதுவும் வராது. கடைசில இருக்குற அந்த ஒரு எழுத்தைப் படிக்காம காசு குடுக்காதீங்க.

ஜியான் போடலாம்னு யூடியூப்ல சொல்றாங்க, அது சர்வர் பிராசஸர் இல்லையா?

சர்வருக்குனு வந்ததுதான், ஆனா ஜியான் ஈ3-1230 வி2 அதே 1155 சாக்கெட்ல உக்காரும், நாலு கோர் எட்டு த்ரெட், 69 வாட்ஸ், வேலையில ஐ7-3770க்கு ரொம்பப் பக்கத்துல வரும், பல சமயம் விலை கம்மியா கிடைக்கும். ரெண்டு விஷயம் மட்டும் பாருங்க. ஒண்ணு, அதுல கிராஃபிக்ஸ் இல்ல, கார்டு கட்டாயம். 1245 வி2 மாதிரி 5ல முடியுற மாடல்ல கிராஃபிக்ஸ் இருக்கும். இன்னொண்ணு, உங்க போர்டு சப்போர்ட் லிஸ்ட்ல ஜியான் பேர் இருக்கணும். லிஸ்ட்ல இல்லாமலும் சில போர்டுல ஓடுது, ஆனா ஓடலன்னா திருப்பி எடுத்துக்குற கடையில மட்டும் அந்த முயற்சி பண்ணுங்க.

புது பிராசஸர் போட்டேன், ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல. பிராசஸர் செத்துப்போச்சா?

அவசரப்பட்டு அப்படி முடிவு பண்ணாதீங்க. எங்க அக்கா பையன் பாலிடெக்னிக் படிக்கிறப்போ அவனுக்காக ஒரு ஐ5-3470 வாங்கினேன், போர்டு எச்61, அதுல இருந்தது ஐ3-2100. போட்டதும் ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கருப்பு. வாங்கின கடைக்கு எடுத்துட்டுப் போனா, நீங்கதான் போடறப்போ எதையோ பண்ணிட்டீங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள் தூக்கம் வரல, அவன் சேத்து வச்ச காசு அது. அப்புறம் பழைய ஐ3யைத் திரும்பப் போட்டு பயாஸ் தேதியைப் பார்த்தா 2011! ஐவி பிரிட்ஜ் வர்றதுக்கு முன்னாடி எழுதின பயாஸ், அதுக்கு எப்படி 3470 தெரியும். அப்டேட் பண்ணிட்டு மறுபடி போட்டேன், முதல் தடவையே டிஸ்பிளே வந்துடுச்சு. அந்தக் கம்ப்யூட்டர் இன்னைக்கும் ஓடுது.

அதனால பழைய பிராசஸரைப் போட்டு பயாஸ் தேதி பாருங்க. அது சரியா இருந்தா, பவர் கேபிளை உருவிட்டு சிஆர்2032 பேட்டரியைக் கழட்டி அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போடுங்க. அப்புறம் ஒரே ஒரு ராம் மட்டும் வச்சு ட்ரை பண்ணுங்க. போர்டு ஓரத்துல நாலு பின் பவர் வயர் ஒண்ணு தனியா இருக்கும், ஹீட்சிங்க் மாட்டறப்போ அது லூஸாகி இருக்கான்னும் பாருங்க. சாக்கெட் பின்னை டார்ச் அடிச்சு சாய்ச்சுப் பாருங்க, எல்லாப் பின்னும் ஒரே வரிசையா மின்னும், ஒண்ணு வளைஞ்சிருந்தா அந்த இடம் மட்டும் வேற மாதிரி தெரியும். இன்னொண்ணு, புது பிராசஸர் போட்ட முதல் தடவை சில போர்டு தானா ஒண்ணு ரெண்டு தடவை ஆஃப் ஆகி ஆன் ஆகும், அதுக்கு பயப்படாதீங்க.

பயாஸ் அப்டேட் பண்ண பயமா இருக்கு. பண்ணியே ஆகணுமா?

ஒரு குறுக்கு வழி சொல்றேன். உங்ககிட்ட இப்போ ஓடுறதே மூணாவது ஜெனரேஷன்னா, உதாரணத்துக்கு ஐ3-3220, பென்டியம் ஜி2030, செலரான் ஜி1610, அப்போ பயாஸ் ஏற்கனவே ஐவி பிரிட்ஜ் தெரிஞ்ச பயாஸ்தான். அனேகமா 3470 நேரா ஓடிடும், லிஸ்ட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கோங்க. ஐ3-2100, பென்டியம் ஜி620, ஜி630 மாதிரி ரெண்டாவது ஜெனரேஷன் ஓடுதுன்னாதான் பயாஸ் தேதி பாக்கணும்.

அப்டேட் தேவைன்னா பழைய பிராசஸர் போர்டுல இருக்குறப்போவே பண்ணிடுங்க. யுபிஎஸ் இல்லாம பண்ணவே பண்ணாதீங்க, நடுவுல கரண்ட் போச்சுன்னா போர்டு அவ்ளோதான், அப்புறம் பயாஸ் சிப்பைக் கழட்டி புரோகிராமர் வச்சு எழுதுற ஆளைத் தேடி அலையணும். யுபிஎஸ் பேட்டரி உண்மையிலேயே நிக்குதான்னு முன்னாடியே ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாருங்க. பயாஸ் ஃபைலை அந்த கம்பெனி சைட்டுல இருந்து மட்டும், உங்க மாடல், உங்க ரிவிஷன் பார்த்து எடுத்து, பென்டிரைவ்ல போட்டு, பயாஸ் உள்ளயே இருக்குற அப்டேட் வசதி மூலமா பண்ணுங்க. எச்61ல சில போர்டுக்கு பயாஸோட சேத்து எம்ஈ ஃபர்ம்வேர்னு இன்னொண்ணும் 8ஆவது வெர்ஷனுக்கு ஏத்தணும், எதை முதல்ல பண்ணணும்னு அந்த பயாஸ் பக்கத்துலயே எழுதிருப்பாங்க, அந்த வரிசையை மாத்தாதீங்க.

பேர் தெரியாத கம்பெனி எச்61 போர்டு இப்பவும் புதுசா விக்குறாங்க. அதுக்கு சப்போர்ட் லிஸ்ட்டும் இருக்காது, பயாஸ் ஃபைலும் கிடைக்காது. அந்த மாதிரி போர்டுன்னா போர்டையே கடைக்கு எடுத்துட்டுப் போய் அங்கேயே போட்டு ஓட்டிப் பார்த்துட்டு வாங்குங்க.

ஆபீஸ்ல கழிச்ச பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்கினேன். அதுல மூணாவது ஜெனரேஷன் போடலாமா?

சிப்செட்டைப் பாருங்க. க்யூ65, க்யூ67, பி65ன்னா ஐவி பிரிட்ஜ் அதுல ஓடாது, 1155தானேன்னு வாங்கிடாதீங்க, ஐ5-2400, ஐ7-2600 வரைக்கும்தான். க்யூ75, க்யூ77ன்னா தாராளமா ஓடும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 790, 990 முதல் வகை, 7010 ரெண்டாவது வகை. எச்பி 8200 எலைட், 8300 எலைட் ரெண்டுக்கும் இதே வித்தியாசம்தான். பிராண்டட் பொட்டியில பவர் சப்ளையும் சின்னதா அதுக்குனே அளவெடுத்து வச்சிருப்பாங்க, குட்டி கேபினெட்னா 95 வாட்ஸ் போடறதுக்கு முன்னாடி அந்த மாடல் அதே வாட்ஸ் பிராசஸரோட கம்பெனியில இருந்து வந்திருக்கான்னு பாருங்க.

என்னோடது கோர் 2 டுவோ. அதுல குவாட் போட்டா நல்லா ஓடுமா?

போடலாம், செலவு பண்ண வேண்டாம்னுதான் சொல்வேன். எல்ஜிஏ 775 சாக்கெட்ல ஜி41 போர்டு இருந்தா கோர் 2 குவாட் க்யூ8400, க்யூ9550 எல்லாம் பல போர்டுல ஓடும், லிஸ்ட்ல எஃப்எஸ்பி (பிராசஸருக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போற வேகம்) 1333 இருக்கான்னு பாத்துக்கணும். 945 போர்டுன்னா பெரும்பாலும் குவாட் ஓடாது. ஆனா விஷயம் அது இல்ல. ஜி31 போர்டுல ராம் 4 ஜிபிக்கு மேல ஏறாது, அதுவும் டிடிஆர்2ன்ற பழைய வகை ராம். அதுக்கும் மேல, கோர் 2 குடும்பத்துல பாப்கவுன்ட்ன்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் இல்ல, விண்டோஸ் 11ஓட 24எச்2 வெர்ஷன் அது இல்லாம பூட்டே ஆகாது. யாராவது சும்மா குடுத்தா போடுங்க, குழந்தைங்க டைப்பிங் பழக லினக்ஸ் போட்டுக் குடுக்கலாம். காசு குடுத்து வேண்டாம்.

ஏஎம்டி போர்டு வச்சிருக்கேன், எனக்கு ஒண்ணுமே சொல்லலையே?

ஏஎம்4 போர்டு இருந்தா நீங்க குடுத்து வச்சவங்க. 2017ல வந்த ஏ320 போர்டுல கூட கம்பெனி பயாஸ் விட்டிருந்தா ரைசன் 5000 சீரீஸ் வரைக்கும் ஓடும், இன்டெல்ல இந்த மாதிரி கிடையாது. ஆனா சில போர்டுல பயாஸ் சிப்புல இடம் பத்தாம புது பயாஸ் ஏத்தினா பழைய ஏ சீரீஸ் பிராசஸரை எடுத்துட்டிருப்பாங்க, அதனால புது பிராசஸரைக் கையில வச்சுக்கிட்டு அப்டேட் பண்ணுங்க. பேர்ல ஜி இல்லாத ரைசன் 5000ல கிராஃபிக்ஸ் இல்லன்றதையும் மறக்காதீங்க.

கழட்டறப்போ ரொம்ப கவனம் வேணும். ஏஎம்4ல பின்னு பிராசஸர்ல இருக்கு, பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல சூடு கடத்த வைக்கிற பேஸ்ட் காஞ்சு போயிருந்தா ஹீட்சிங்கைத் தூக்குறப்போ பிராசஸரும் சாக்கெட்ல இருந்து பிய்ச்சுக்கிட்டு வந்துடும். பத்து நிமிஷம் கம்ப்யூட்டரை ஓட விட்டு சூடானதும் ஆஃப் பண்ணி, ஹீட்சிங்கை இடமும் வலமுமா மெதுவா திருப்பி எடுங்க.

லேப்டாப்புக்கு மாத்த முடியுமா?

ரெண்டாவது, மூணாவது ஜெனரேஷன் லேப்டாப் சிலதுல சாக்கெட் இருக்கும், அதுல முடியும். பேர்ல யு இருந்தா, உதாரணமா ஐ5-3317யு, போர்டோட சால்டர் பண்ணது, முடியாது. இப்போ வர்ற லேப்டாப்ல பெரும்பாலும் சால்டர்தான்.

செகண்ட் ஹேண்ட் பிராசஸர் வாங்குறப்போ என்ன பாக்கணும்?

சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா பழைய பிராசஸர் வரிசையா வச்சிருப்பாங்க. பிராசஸர் மேல மூடியில எழுத்து தெளிவா இருக்கணும். மாடல் பேருக்குப் பக்கத்துல எஸ்ஆர்னு ஆரம்பிக்குற ஒரு கோடு இருக்கும், ஐ7-3770ன்னா எஸ்ஆர்0பிகே, ஐ5-3470ன்னா எஸ்ஆர்0டி8. அதை அங்கேயே போன்ல தேடிப் பார்த்து மாடலோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. அதுக்குப் பதிலா க்யூல ஆரம்பிக்குற கோடும் இன்டெல் கான்ஃபிடென்ஷியல்னும் இருந்தா அது டெஸ்டிங்குக்கு விட்ட சாம்பிள், பல போர்டு அதை ஏத்துக்காது, விலை எவ்ளோ கம்மினாலும் வேண்டாம்.

இன்டெல்ல பின்னு போர்டுல இருக்கறதால பிராசஸர் அவ்ளோ சீக்கிரம் கெட்டுப்போகாது, பத்து வருஷம் ஓடினதுகூட நல்லாவே இருக்கும், அடிப்பக்கம் தங்கக் கலர் புள்ளிங்கல்ல கீறலோ கருப்போ இல்லாம இருந்தா சரி. கடையிலயே ஒரு போர்டுல போட்டு டிஸ்பிளே காட்டச் சொல்லுங்க. ஒரு வாரமாவது செக்கிங் வாரண்டி கேட்டு பில்லுல எழுதி வாங்குங்க, வாயால சொன்னது கணக்குல வராது.

பழைய ஃபேனையே மாட்டலாமா?

1155, 1150, 1151, 1156 எல்லாத்துக்கும் ஃபேன் ஓட்டை தூரம் ஒண்ணுதான், 75 மில்லிமீட்டர். 775க்கு 72, அது உக்காராது. ஐ3யோட வந்த ஃபேன் தடிமன் கம்மியான அலுமினியம், ஐ5-3470க்கு ஓட்டலாம், ஐ7க்கு நடுவுல செம்பு வச்ச ஃபேன் தேடுங்க. பழைய பேஸ்ட்டை முழுசா துடைச்சிட்டு புதுசு ஒரு பட்டாணி அளவு நடுவுல வைங்க. நாலு பிளாஸ்டிக் பின்னும் போர்டுக்குப் பின்னாடி வெளிய வந்திருக்கான்னு பாத்துட்டுதான் ஆன் பண்ணணும், ஒண்ணு மாட்டலன்னாலும் சூடு ஏறி கம்ப்யூட்டர் தானா ஆஃப் ஆகும். அப்புறம் சூட்டைக் காட்டுற கோர் டெம்ப்ன்ற சாஃப்ட்வேர் போட்டு வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நல்லா வேலை குடுங்க, 80 டிகிரிக்குள்ள நின்னா கவலை இல்ல.

பிராசஸர் மாத்தினா ஸ்லோ சரியாயிடுமா? ஹார்ட் டிஸ்க்தான் இருக்கு, ராம் 4 ஜிபி.

அப்போ பிராசஸர் உங்களுக்கு மூணாவது வேலை. ஆன் ஆக மூணு நிமிஷம் ஆகுதுன்னா அது ஹார்ட் டிஸ்க், முதல்ல எஸ்எஸ்டி போடுங்க. எச்61ல சாட்டா (டிஸ்க்கை மாட்டுற இணைப்பு) வேகம் பாதிதான், இருந்தாலும் பழைய டிஸ்க்கை விட ரொம்ப ரொம்ப மேல். அடுத்து ராம் 8 ஜிபி, எச்61 16 ஜிபி வரைக்கும் ஏத்துக்கும். இது ரெண்டும் பண்ண பிறகும் டாஸ்க் மேனேஜர்ல சிபியு 100 சதவீதத்துல நிக்குதுன்னா அப்போ ஐ5 வாங்குங்க. இந்த வரிசைல போனவங்க பாதி பேருக்கு பிராசஸர் மாத்த வேண்டிய தேவையே வரல.

மாத்தினா விண்டோஸ் 11 போட முடியுமா?

முறைப்படி முடியாது. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷனும் டிபிஎம் 2.0ன்ற பாதுகாப்பு வசதியும் கேக்குறாங்க, 1155 போர்டுல என்ன போட்டாலும் அந்தக் கணக்குல வராது. விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓட நின்னுபோச்சு. வீட்ல பிரவுசிங், பசங்க படிப்புக்குன்னா லினக்ஸ் மின்ட் போட்டுக்கலாம், ஐ5-3470ல ரொம்ப லேசா ஓடும். டேலி மாதிரி விண்டோஸ் கட்டாயம் வேணும்றவங்க, பேங்க் வேலை எல்லாம் அதுலதான் பண்றீங்கன்னா, இந்த போர்டுல பெரிய காசு போடாம எட்டாவது ஜெனரேஷன் செகண்ட் ஹேண்ட் செட்டுக்கு சேத்து வைங்க.

கழட்டின பழைய ஐ3யை வித்துடலாமா?

உடனே வேண்டாம். அதுக்குக் கிடைக்கறது சொற்பம், ஆனா நாளைக்கு டிஸ்பிளே வரலன்னா கோளாறு போர்டுலயா பிராசஸர்லயான்னு கண்டுபிடிக்க அது ஒண்ணுதான் கையில இருக்கும். புது பிராசஸர் வந்த பிளாஸ்டிக் டப்பாவுலயே அடிப்பக்கத்துல விரல் படாம வச்சு, மேல மாடல் பேர் எழுதி, ஸ்க்ரூடிரைவர் வைக்கிற இடத்துலயே வச்சிடுங்க.